புறம்போக்கு என்று எழுதப்பட்ட காடு

1959ஆம் ஆண்டு கொலம்பியா இயற்றிய 2ஆம் எண் சட்டம், நாட்டின் பசிபிக் கரையோரக் காடுகளை மொத்தமாகக் காப்புக்காடு என அறிவித்தது. அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு மரங்கள் தெரிந்தன, ஆறுகள் தெரிந்தன, மனிதர்கள் தெரியவில்லை. 'பால்தியோ' என்ற ஸ்பானியச் சொல்லால் அந்த நிலம் அரசு ஏடுகளில் குறிக்கப்பட்டிருந்தது. உரிமையாளர் எவரும் இல்லாத, அரசுக்குச் சேர்ந்த வெற்று நிலம் என்பது அதன் பொருள்; நம் வருவாய்த்துறை வழக்கில் சொன்னால் புறம்போக்கு. ஆனால் அத்ராத்தோ, சான் ஹுவான், பாத்தியா முதலிய ஆறுகளின் கரைகளில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் பல தலைமுறைகளாக ஊர் அமைத்து, நெல்லும் வாழையும் பயிரிட்டு, மீன்பிடித்து, மரத்தட்டில் பொன்மணல் அரித்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அரசின் கணக்கில் அவர்கள் தம் சொந்த ஊரிலேயே ஆக்கிரமிப்பாளர்கள்.

இன்று உலகின் காலநிலைப் பேச்சுவார்த்தைகளில் இதே காடுகள் விலைமதிப்பற்ற கார்பன் களஞ்சியங்களாகப் போற்றப்படுகின்றன. சுற்றியிருந்த காடுகள் மேய்ச்சல் நிலமாகவும் தோட்டப் பயிராகவும் மாறிய அரை நூற்றாண்டில் இவை மட்டும் ஏன் பெருமளவு நின்றன என்று கேட்டால், விடை அந்தப் புறம்போக்கில் வாழ்ந்தவர்களிடம் இருக்கிறது. அவர்களுக்கு நிலத்தின் பட்டாவை வழங்குவது காலநிலை நடவடிக்கையின் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். நடைமுறையில் அது கடைசி வேலையாகத் தள்ளப்பட்டே வந்திருக்கிறது. அதன் விளைவுகளை இலத்தீன் அமெரிக்காவின் கடந்த நாற்பது ஆண்டு வரலாற்றில் தெளிவாகப் பார்க்க முடியும்.

அடிமை முறை ஒழிந்த விதத்திலேயே இந்த நிலச் சிக்கல் தொடங்கிவிட்டது. கொலம்பியாவில் 1851ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளை விடுவித்தபோது, இழப்பீடு பெற்றவர்கள் அவர்களை உடைமையாக வைத்திருந்த முதலாளிகளே. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காணி நிலமும் இல்லை. பசிபிக் கரையோரச் சோக்கோ பகுதியின் பொன் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பலர் அதற்கு முன்பே, ஓய்வு நாட்களில் தமக்கென அரித்த பொன்னைச் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கியிருந்தார்கள். வேறு பலர் தப்பியோடியிருந்தார்கள். இருசாராரும் ஆற்றின் வழியே யாரும் வராத காடுகளுக்குள் சென்று குடியேறினார்கள். பிரேசிலின் கதை இன்னும் கடுமையானது. 1850 செப்டம்பரில், அடிமை வணிகத்தைத் தடைசெய்த சட்டம் வந்த அதே மாதத்தில், அரசு நிலத்தை விலைகொடுத்து மட்டுமே பெற முடியும் என்ற நிலச்சட்டமும் வந்தது. அடிமை முறை 1888 மே 13 அன்று ஒழிக்கப்பட்டபோது நிலத்தின் கதவு ஏற்கெனவே சாத்தப்பட்டிருந்தது. அதனால், தப்பியோடியவர்களும் விடுதலையானவர்களும் உருவாக்கிய 'கிலோம்போ' எனப்படும் ஊர்கள் நூறாண்டுகள் சட்டத்தின் கண்ணில் படாமலேயே இருந்தன.

கொலம்பியாவில் இந்த நிலை மாறியதற்குக் காரணம் மரக்கம்பெனிகள். 1980களில் அத்ராத்தோவின் நடுப்பகுதிக் காடுகளை வெட்டுவதற்கு அரசு உரிமம் வழங்க முற்பட்டபோது, ஆற்றங்கரை ஊர்களின் உழவர்கள், கத்தோலிக்கப் பங்குக் கோயில்களின் துணையோடு சங்கமாகத் திரண்டார்கள். இந்தக் காடு எங்களுடையது என்று அவர்கள் சொன்னபோது, பட்டா எங்கே என்ற கேள்வி திரும்பி வந்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடிய போராட்டம் 1991ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பில் 55ஆம் இடைக்கால விதியாக நுழைந்து, 1993 ஆகஸ்டு 27 அன்று 70ஆம் எண் சட்டமாக வடிவெடுத்தது.

இந்தச் சட்டத்தின் உள்ளமைப்பைச் சற்று நின்று பார்ப்பது அவசியம், ஏனெனில் காட்டின் கதி அதில்தான் தங்கியிருக்கிறது. பட்டா தனிமனிதர் பெயரில் வழங்கப்படுவதில்லை. ஓர் ஆற்றுப்படுகையின் ஊர்கள் சேர்ந்து அமைக்கும் சமூக மன்றத்தின் பெயரில் வழங்கப்படுகிறது. அந்த நிலத்தை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, கடனுக்காக யாரும் பறிமுதல் செய்ய முடியாது, எத்தனை ஆண்டு ஆக்கிரமித்திருந்தாலும் வேறொருவர் அனுபவ பாத்தியதை கோர முடியாது. மன்றத்தின் பொதுக்கூட்டம் குடும்பங்களுக்கு உழவு நிலத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. காடும் நீர்நிலைகளும் பொதுவில் இருக்கின்றன. நிலத்தடிக் கனிமங்கள் மட்டும் அரசிடமே உள்ளன, அந்த ஒரு விதிவிலக்கு பின்னர் எத்தனையோ துயரங்களுக்கு வழிவிட்டது. இந்தச் சட்டத்தின்கீழ் இதுவரை 50 லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் கூட்டுப் பட்டாவாகியிருக்கிறது. அத்ராத்தோவின் அந்த உழவர் சங்கத்திலிருந்து உருவான கோகோமாசியா என்னும் பெருமன்றம் மட்டும் 1997இல் ஏறத்தாழ 7 லட்சம் ஹெக்டேருக்குப் பட்டா பெற்றது.

விற்க முடியாத நிலம் என்பது பொருளாதார வல்லுநர் சிலருக்கு முடங்கிய சொத்தாகத் தோன்றலாம். பசிபிக் கரையில் நடந்தது அதற்கு நேர்மாறு. கூட்டுப் பட்டா கிடைத்த ஊர்களில் குடும்பங்கள் வீட்டைச் செப்பனிடுவதிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதிலும் முன்னைவிட அதிகம் செலவிட்டதாகவும் வறுமை குறைந்ததாகவும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நாளை வெளியேற்றப்பட மாட்டோம் என்ற உறுதி இருந்தால்தான் மனிதர் கூரையை மாற்றுவார். அதே உறுதி இருந்தால்தான் இருபது ஆண்டு கழித்து வெட்ட வேண்டிய மரத்தை இன்று வெட்டாமல் விடுவார்.

காட்டைப் பற்றிய சான்று 2025 ஜூலையில் வெளியான ஓர் ஆய்வில் இன்னும் துல்லியமாகக் கிடைத்தது. கொலம்பியா, பிரேசில், ஈக்வடார், சூரினாம் ஆகிய நான்கு நாடுகளில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் நிர்வகிக்கும் நிலங்களை, மற்றவகைகளில் அவற்றை ஒத்த பிற நிலங்களோடு அது ஒப்பிட்டது. காடழிப்பு 29 முதல் 55 விழுக்காடு வரை குறைவாக இருந்தது. பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளின் விளிம்பில், அதாவது கோடரியும் தீயும் முதலில் வந்து சேரும் இடத்தில், வேறுபாடு மிக அதிகமாக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. நான்கு நாடுகளின் மொத்தப் பரப்பில் இந்நிலங்கள் ஏறத்தாழ 1 விழுக்காடுதான். ஆனால் அவற்றில் 48 கோடி டன்னுக்கும் மேற்பட்ட 'மீட்க முடியாத கார்பன்' அடங்கியிருக்கிறது. இன்று இழந்துவிட்டால் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மீண்டும் சேர்த்துக்கொள்ள இயலாத கார்பன் என்பது அந்தச் சொல்லின் பொருள்.

எண்கள் சொல்லாததை அன்றாட வாழ்க்கை சொல்கிறது. அத்ராத்தோ கரையில் மரக்கால்களின்மேல் நிற்கும் வீடுகளின் பின்புறம், பழுதான பழைய தோணி ஒன்றைப் பரண்போல உயர்த்தி, அதில் எறும்புப் புற்று மண்ணை நிரப்பி, பெண்கள் சமையல் மூலிகையும் மருந்துச் செடியும் வளர்ப்பதைக் காணலாம். வெள்ளம் வந்தாலும் அந்தத் தோட்டம் நனையாது. கருவுற்ற பெண் தான் விரும்பிய ஒரு மரத்தின் விதையை அதில் ஊன்றி, குழந்தை பிறந்ததும் அந்த நாற்றை எடுத்து நஞ்சுக்கொடியோடு சேர்த்து மண்ணில் நடும் வழக்கம் சோக்கோவில் இருந்துவந்திருக்கிறது. வளர்ந்த பிள்ளை அந்த மரத்தைக் காட்டி, இது என் தொப்புள் என்று சொல்கிறது. தெற்கே கடலோர அலையாத்திக் காடுகளில், வற்று நேரத்தில் பெண்கள் சேற்றில் முழங்கால் புதைய நடந்து, வேர்களுக்கிடையே கைவிட்டு 'பியாங்குவா' என்னும் மட்டியைத் துழாவி எடுக்கிறார்கள். கொசுவை விரட்டத் தென்னை நாரைப் புகையவிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். 5 சென்டிமீட்டருக்குக் குறைந்த மட்டியை எடுக்கக் கூடாது என்பது விதி. சில ஊர்களில் மன்றங்களே சில பகுதிகளை முறைவைத்து மூடி, மட்டி பெருக விடுகின்றன. அலையாத்தி வேர்களுக்கடியில் உள்ள அந்தச் சேறு, தரைக்காடுகளைவிட அடர்த்தியாகக் கார்பனைப் பிடித்துவைக்கும் மண். மட்டி வேண்டுமென்றால் வேர் வேண்டும், வேர் வேண்டுமென்றால் மரத்தை விட்டுவைக்க வேண்டும் என்ற கணக்கை அந்தப் பெண்கள் எந்தப் பயிற்சி முகாமிலும் கற்கவில்லை.

பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்தில், அட்லாண்டிக் காட்டின் எஞ்சிய பெரும்பகுதி ரிபெய்ரா பள்ளத்தாக்கில் இருக்கிறது. தென் அமெரிக்காவின் மிகப்பெரிய மாநகரிலிருந்து சில மணி நேரப் பயணம்தான். காடு நிற்கும் இடம் கிலோம்போக்கள் நிறைந்த இடம். அங்குள்ளோர் ஒரு சிறு துண்டுக் காட்டை வெட்டிக் காயவிட்டு எரித்து, சாம்பல் கலந்த மண்ணில் நெல், மக்காச்சோளம், அவரை, மரவள்ளி ஆகியவற்றை இரண்டு மூன்று ஆண்டுகள் பயிரிட்டு, பிறகு அதைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு துண்டுக்கு நகர்கிறார்கள். நம் குறிஞ்சித் திணைப் பாடல்கள் புனம் என்று சொல்வதும் இதையே. தீ என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் இதைக் காடழிப்போடு சேர்த்து எண்ணுவது பெரும்பிழை. மேய்ச்சலுக்காக எரிக்கப்படும் அமேசான் காடு திரும்புவதில்லை. புனம் சில ஆண்டுகளில் இளங்காடாகி, மீண்டும் முதிர்கிறது. பிரேசிலின் தேசியப் பாரம்பரிய நிறுவனம் 2018இல் இந்த வேளாண் முறையை நாட்டின் பண்பாட்டுச் செல்வமாகவே அறிவித்தது. ஆனால் அட்லாண்டிக் காட்டைக் காக்க வந்த சட்டங்களின்படி புனம் வெட்ட மாநில அரசின் முன் அனுமதி தேவை. ஆண்டுதோறும் அந்த அனுமதி விதைப்புக் காலம் கடந்தபின் வந்து சேர்ந்ததாகவும், விதைக்காமல் விட்ட ஆண்டுகளில் நாட்டு விதைகளே அழிந்துபோனதாகவும் அந்த ஊரார் திரும்பத் திரும்ப முறையிட்டிருக்கிறார்கள். அந்த இழப்பை ஈடுசெய்யவே, எல்டொராடோ என்ற சிற்றூரில் 2008 முதல் விதைப் பரிமாற்றச் சந்தை நடத்துகிறார்கள். காட்டைக் காத்தவர்களின் கையைக் காட்டைக் காக்கும் சட்டமே கட்டிப்போட்டது என்பது என்னை மிகவும் உறுத்தும் செய்தி.

பிரேசிலில் பட்டாவின் கதை நிதானமாக அல்ல, நத்தையைவிட மெதுவாகவே நகர்ந்திருக்கிறது. 1988 அரசியலமைப்பின் 68ஆம் இடைக்கால விதி, கிலோம்போ மக்கள் வாழும் நிலம் அவர்களுக்கே சொந்தம் என்றும் அரசு பட்டா வழங்க வேண்டும் என்றும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டது. முதல் பட்டா, பாரா மாநிலத்து ஒரிஷிமினாவில் உள்ள போவா விஸ்டா கிலோம்போவுக்கு, 1995 நவம்பரில்தான் கிடைத்தது. 2003ஆம் ஆண்டு ஆணை நடைமுறையைத் தெளிவாக்கியது. அதை எதிர்த்து ஒரு கட்சி தொடுத்த வழக்கு 2018 வரை உச்ச நீதிமன்றத்தில் நிழல்போல் தொங்கியது. ஆணை செல்லும் என்று தீர்ப்பானது. ஆனாலும் பட்டாவுக்குமுன் சான்றிதழ், மானுடவியல் அறிக்கை, எல்லை வரையறை, நிலத்தில் உரிமை கோரும் தனியாருக்கு இழப்பீடு என ஒவ்வொரு படியும் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. கிலோம்போ மக்களை நாடு முதன்முறையாக எண்ணியதே 2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான். 13,27,802 பேர். முழுப் பட்டா பெற்ற நிலத்தில் வாழ்வோர் அவர்களில் 4.3 விழுக்காட்டினர் மட்டுமே. எண்ணப்படுவதே ஓர் உரிமை என்பதற்குக் கொலம்பியா மறுபக்கச் சான்று: 2005இல் 43 லட்சமாக இருந்த கறுப்பின மக்கள்தொகை 2018 கணக்கெடுப்பில் 30 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. மக்கள் குறையவில்லை, கணக்கெடுப்பு அவர்களிடம் சரியாகப் போய்ச் சேரவில்லை.

பட்டா கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அத்ராத்தோவின் கீழ்ப்பகுதியில் முதல் கூட்டுப் பட்டாக்கள் வழங்கப்பட்ட அதே பருவத்தில், 1997 பிப்ரவரியில், இராணுவத்தின் 'ஜெனசிஸ்' நடவடிக்கையும் துணைப்படை எனப்படும் தனியார் ஆயுதக் குழுக்களின் தாக்குதலும் சேர்ந்து காக்கரிக்கா ஆற்றுப்படுகையின் மக்களை ஆயிரக்கணக்கில் விரட்டின. ஆளில்லாத நிலங்களில் மரம் வெட்டும் நிறுவனம் நுழைந்தது. பக்கத்துப் படுகைகளான குர்வரதோவிலும் ஹிகுவாமியாந்தோவிலும் எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள் முளைத்தன. காக்கரிக்கா மக்களுக்கு நேர்ந்த கொடுமைக்குக் கொலம்பிய அரசு பொறுப்பு என்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. 2002 மே 2 அன்று போஹாயாவில் கொரில்லாப் போராளிகளுக்கும் துணைப்படைக்கும் நடந்த சண்டையில், தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மீது குண்டு விழுந்து பெருந்தொகையானோர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அதே ஆறு பிறகு சட்டவிரோதப் பொன் சுரங்கங்களின் பாதரசத்தால் நஞ்சானது. நிலத்தடி அரசுக்கே உரியது என்ற விதிவிலக்கும், ஆயுதக் குழுக்களின் பிடியும் சேர்ந்த இடங்களில் கூட்டுப் பட்டா காட்டை முழுதாகக் காக்கவில்லை என்பதையும் ஆய்வுகள் மறைக்கவில்லை.

ஆயினும் பட்டா இருந்ததனால் எதிர்த்து நிற்க ஒரு தரை இருந்தது. சமூக மன்றங்கள் வழக்காடின. 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்ராத்தோ ஆறே உரிமைகள் உள்ள ஒரு சட்ட ஆளுமை என்று தீர்ப்பளித்து, அதற்கு அரசின் சார்பிலும் சமூகங்களின் சார்பிலும் காப்பாளர்களை நியமிக்கச் சொன்னது. சமூகங்கள் தேர்ந்த காப்பாளர்களில் ஆண்களும் பெண்களும் சரிபாதி. கௌக்கா மாநிலத்து லா தோமாவில், சட்டவிரோதச் சுரங்க இயந்திரங்களை அகற்றக் கோரி 2014இல் 80 பெண்கள் தலைநகர் பொகோத்தாவுக்கு நடந்தார்கள். அவர்களை வழிநடத்திய ஃபிரான்சியா மார்க்கெஸ் 2018இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது பெற்று, 2022இல் நாட்டின் துணைக் குடியரசுத் தலைவரானார். எல்லோருக்கும் அந்த ஏற்றம் வாய்க்கவில்லை. பிரேசிலின் பாஹியா மாநிலத்தில், பித்தாங்கா தோஸ் பால்மாரெஸ் கிலோம்போவின் தலைவி பெர்னாதெத்தே பசிஃபிக்கோ 2023 ஆகஸ்டு 17 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஊரில் அவருடைய மகன் 2017இல் கொல்லப்பட்டிருந்தார். அந்தக் கிலோம்போவுக்கு அப்போதும் இறுதிப் பட்டா வந்திருக்கவில்லை.

கார்பன் பணம் இந்த ஊர்களுக்குள் நுழையும்போது பட்டாவின் முக்கியத்துவம் இன்னும் கூர்மையாகிறது. பனாமா எல்லைக்கருகில் அகாந்தியில், தோலோ ஆற்றுப்படுகையின் கோகோமாசூர் மன்றம் 2005இல் 13,465 ஹெக்டேருக்குப் பட்டா பெற்றது. அதன் பிறகே காடழிப்பைத் தவிர்த்ததற்கான கார்பன் வரவை, அதாவது காட்டில் தங்கிய கார்பனுக்கு ஈடாக விற்கத்தக்க சான்றைக் கோரும் திட்டத்தில் இறங்கியது. ஊர் இளைஞர்களே காவலராகக் காட்டின் எல்லையை நடந்து, மார்பளவு உயரத்தில் மரங்களைச் சுற்றி நாடா பிடித்து அளந்து குறித்தார்கள். கூட்டுப் பட்டா நிலத்தில் ஒரு சமூகமே முன்னின்று நடத்திச் சான்று பெற்ற முன்னோடித் திட்டங்களில் அது ஒன்று. கார்பன் வரவு யாருக்குச் சேரும் என்ற கேள்விக்கு அங்கே பட்டாவே விடை சொல்லிவிட்டது. சூரினாமில் அந்த விடை இல்லை. அடிமை முறையிலிருந்து காட்டுக்குள் தப்பிய சரமாக்கா மரூன்கள் 1762இலேயே டச்சுக்காரரோடு உடன்படிக்கை செய்து சுதந்திரமாக வாழ்ந்தவர்கள். 1960களில் அஃபோபாக்கா அணை அவர்களுடைய ஊர்களை மூழ்கடித்து ஆயிரக்கணக்கானோரை இடம்பெயர்த்தது. அவர்களுடைய நிலத்தைச் சட்டப்படி ஏற்க வேண்டும் என்று அமெரிக்க நாடுகளின் நீதிமன்றம் 2007 நவம்பரில் ஆணையிட்டது. அந்தச் சட்டம் இன்றுவரை நிறைவேறாத நிலையில், காட்டின் கார்பனை நாட்டின் பெயரில் விற்கும் முயற்சியில் அரசு இறங்கியிருக்கிறது. பட்டாவுக்கு முன்னே கார்பன் விலைபோனால், காட்டின் மதிப்பு ஏறும். அதை விட்டுக்கொடுக்க அரசுக்கு இருந்த கொஞ்ச மனமும் சுருங்கும்.

இந்த 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பழங்குடிகள் என்றால் ஐரோப்பியர் வருமுன் அங்கிருந்தோர் என்றே சர்வதேச ஒப்பந்தங்கள் பெரும்பாலும் கொள்கின்றன. ஆப்பிரிக்க வம்சாவளியினர் அந்த வரையறைக்கு வெளியே நின்றார்கள். தனித்த வாழ்க்கைமுறையும் நிலத்தோடு பிணைந்த பண்பாடும் உள்ள குலக்குழு மக்கள் என்ற அடிப்படையில் அதே பாதுகாப்பு இவர்களுக்கும் உண்டு என்று நீதிமன்றம் கூறியது. காலநிலை, பல்லுயிர் மாநாடுகளின் ஆவணங்களிலோ நெடுங்காலம் இவர்களுக்குப் பெயரே இருக்கவில்லை. 2024 அக்டோபர் 21 அன்று கொலம்பியாவின் காலி நகரில் தொடங்கிய பல்லுயிர் மாநாட்டில், கொலம்பியாவும் பிரேசிலும் சேர்ந்து முன்வைத்த முயற்சியால், மரபுவழி வாழ்க்கைமுறை கொண்ட ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் பங்கு முதன்முறையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. பல்லுயிர் ஒப்பந்தம் கையெழுத்தாகி அப்போது 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2025 நவம்பரில் பெலெம் நகரில் நடந்த காலநிலை மாநாட்டின் சில முடிவுகளிலும் அந்தப் பெயர் இடம்பெற்றது. அந்த மாநாட்டின் தலைமை எல்லா நாடுகளையும் 'முதிராவ்' செய்ய அழைத்தது. ஊரார் கூடி ஒருவர் வயலில் வேலைசெய்து கொடுக்கும் கூட்டுழைப்புக்குப் பிரேசிலில் வழங்கும் சொல் அது. ரிபெய்ராவின் கிலோம்போக்களில் புனம் வெட்டுவதும் அறுப்பதும் காலங்காலமாக முதிராவாகத்தான் நடக்கின்றன.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பழங்குடிகளின், உள்ளூர்ச் சமூகங்களின் நில உரிமைக்காக 170 கோடி டாலர் வாக்களிக்கப்பட்டது. முதல் ஆண்டில் செலவான தொகையில் அவர்களுடைய அமைப்புகளின் கைக்கு நேராகச் சென்றது சுமார் 7 விழுக்காடு. பெலெமில் அந்த வாக்குறுதி 180 கோடி டாலராகப் புதுப்பிக்கப்பட்டதோடு, 2030க்குள் 16 கோடி ஹெக்டேர் நிலத்தில் பழங்குடிகளின், ஆப்பிரிக்க வம்சாவளியினரின், பிற உள்ளூர்ச் சமூகங்களின் உரிமையை அங்கீகரிப்பதாகப் பிரேசில் உள்ளிட்ட நாடுகள் உறுதியளித்தன. பிரேசிலின் நிலச் சீர்திருத்த நிறுவனமான இன்க்ராவின் அலுவலகங்களில் 1,700க்கும் மேற்பட்ட கிலோம்போ பட்டாக் கோப்புகள் முடிவெடுக்கப்படாமல் இருக்கின்றன.